மாமியின் ஜன்னலுக்கு நேரே

அந்த வருடம் சித்திரை பிறப்பதற்கு முன்பே பதுளையில் மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெயில் கண்ணைக் கூசவைக்கும். பதினொரு மணிக்கு நமுனுகுல மலை மேகத்தில் மறைந்துவிடும். இரண்டு மணிக்கு இடியோடு கொட்டத் தொடங்கினால் விளக்கு வைக்கும் நேரம்வரை விடாது. மண் பிசைந்த மாவுபோல இளகிக் கிடந்தது. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து எந்த வேரும் சிரமம் தராமல் கழன்று வரும். வருடப்பிறப்பு கழிந்த மூன்றாம் நாள் காலையில் நான் என் மாமியாரின் ரோஜாச் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். மொத்தம் பதினேழு செடிகள். அவர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரால் பார்க்க மட்டும்தான் முடியும். தை மாதத்தில் வந்த பக்கவாதம் வலது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பேச்சு ‘ஆ’ என்ற ஒரே ஒலியாகச் சுருங்கிவிட்டது. காது கேட்கிறது, கண் தெரிகிறது, புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்று, பின்பக்கத்து அறையில் ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போடச் சொன்னவள் நான்தான். மாமி அவருடைய பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றேன். அப்போது என் மனதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை. என் கணவருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கணவரின் குடும்பத்துக்குப் பதுளைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை இருக்கிறது. நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் பிறந்தவள். அப்பா கவ்வாத்து வேலை செய்தவர். உயர்ந்துபோன தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டிக் குறைப்பதுதான் அவருடைய வேலை. அம்மா கொழுந்து எடுத்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் நான் அந்தப் புடவைக்கடைக்குத் துணி மடிக்கும் வேலைக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் கடைக்காரரின் மகன் என்னைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். அவர் வாழ்க்கையில் பிடிவாதம் பிடித்தது அந்த ஒரு தடவைதான். மாமி கலியாணத்துக்கு வந்தார், படத்துக்கும் நின்றார். அந்தப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் என் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

வீட்டுக்குப் பின்னால் முப்பதடி நீளத்தில் ஒரு துண்டு நிலம். அதில் மாமி டேலியாவும் செவ்வந்தியும் வைத்திருந்தார். ஜன்னலுக்கு நேரே ரோஜா. கலியாணமாகி முதல் வாரத்தில், பாத்தி மண் இறுகிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு நானாக ‘முள்ளு’ எடுத்துக் கிளறப் போனேன். மண் கிளறும் இரும்பு முள்ளுக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர். சின்ன வயதிலிருந்து பழகிய வேலை. மாமி குடையோடு வந்து நின்றார்.

“அதக் கீழ வையி. பக்கத்து வீட்டுக்காரங்க பாத்தா, கொழுந்து எடுக்கிறவ வீட்டுக்குள்ள வந்துட்டான்னு சொல்லுவாங்க.”

வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்த மண்ணை நான் தொடவில்லை. வாரம் ஒரு தடவை ஓர் ஆள் வந்து கொத்திக் களையெடுப்பார். மாமி நின்று மேற்பார்வை பார்ப்பார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மாமி சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

முதல் தீபாவளிக்கு அம்மா தோட்டத்திலிருந்து வந்தாள். இரண்டு பஸ் மாறி, ஒரு சாக்குப் பை நிறைய மரக்கறி சுமந்து வந்திருந்தாள். லயத்துக்குப் பின்னால் அவளே போட்ட கோவா, லீக்ஸ், பீன்ஸ் சாதிப் போஞ்சி. மாமி அவளை முன்வாசலிலிருந்து பின்பக்கமாகச் சுற்றி வரச் சொன்னார். வேலைக்கு வரும் ஆளுக்கென்று தனியாக வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா கதவுக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, கோப்பையைப் பைப்பில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் போனதும் மாமி பையை அப்படியே வேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அம்மா போனில் பேசும்போது, போஞ்சி பிஞ்சாக இருந்ததா, நார் எதுவும் இல்லையே என்று கேட்டாள். நல்லா இருந்திச்சும்மா, எல்லாரும் விரும்பிச் சாப்பிட்டாங்க என்றேன்.

ஏழு வருடத்துக்கு முன்பு அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. மாலையில் நோயாளிகளைப் பார்க்க விடும் நேரத்தில் போய்வர எனக்கு அனுமதி இருந்தது. ஒன்பதாம் நாள் மாமியின் தங்கை குடும்பம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. சமையலை விட்டுவிட்டு எங்கே போகிறாய், ராத்திரிக்குப் போகலாம் என்றார் மாமி. பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஓடினேன். கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தாள். செய்தியைச் சொன்னபோது மாமி, “பாவம், வயசாயிருச்சில்ல” என்றார். அம்மா மாமியைவிட நான்கு வயது இளையவள்.

இதையெல்லாம் நியாயம் கேட்பதற்காக எழுதவில்லை. ரோஜாக்களைப் பிடுங்கிய அன்று எனக்குக் கோபமே இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் இரண்டு செடியோடு ஓய்ந்திருக்கும். நான் மிகவும் அமைதியாக, ஒழுங்காக வேலை செய்தேன்.

அப்பா செத்தபிறகு லயத்திலிருந்து நான் எடுத்துவந்த ஒரே பொருள் அவருடைய கவ்வாத்துக் கத்தி. அதைத் தீட்டி வைத்திருந்தேன். முதலில் கொப்புகளை வெட்டினேன், பிறகு முள்ளைக் குத்தி வேரை நெம்பினேன். ஒவ்வொரு வேரையும் மண் உதறி, ஜன்னலுக்கு முன்னால் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு கதை உண்டு, மாமி வருகிறவர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது பண்டாரவளையிலிருந்து வந்தது, இது நுவரெலியாவில் ஒரு துரைவீட்டில் கேட்டு வாங்கியது என்று. கறுஞ்சிவப்பில் பூக்கும் செடி ஒன்று என் மாமனார் கையால் நட்டது. அதைக் கடைசிக்கு வைத்தேன். அதன் அடித்தண்டில் கத்தி இறங்கியபோது உள்ளேயிருந்து ‘ஆ’ என்ற சத்தம் வந்தது. மறுபடி வந்தது. நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கை கழுவிவிட்டு உள்ளே போய்த் துவாயால் கண்ணைத் துடைத்தேன். காதுக்குள் போன நீரையும் ஒற்றி எடுத்தேன்.

“மரக்கறி விக்கிற விலையில பூவு என்னத்துக்கு மாமி?” என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதென்றால் இதை எழுதவே வேண்டியதில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த கணவர் பின்கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். “அப்பா வச்ச செடி” என்றார். மாமிக்கு மசித்துக் கொடுக்க மருந்தடிக்காத மரக்கறி வேண்டும், வீட்டிலேயே போட்டால் நல்லது என்று சொன்னேன். அவர் இன்னொரு தடவை வெளியே பார்த்தார். பிறகு, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். என் கணவர் பரவாயில்லை என்று சொல்லாத விஷயம் இந்த உலகத்தில் இல்லை. அம்மாவின் சாவன்று நான் பிந்திப் போனதற்கும் அதைத்தான் சொன்னார்.

பாத்தியை உயர்த்திக் கட்டினேன். மத்தியான மழை அதை இரண்டு தடவை கரைத்துக்கொண்டு போனது. மூன்றாம் தடவை மேல்பக்கம் ஒரு கான் வெட்டித் தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிட்டேன். பின்னால் ஓரத்தில் கத்தரி, மிளகாய். ஜன்னலுக்கு நேரே, சுவரிலிருந்து ஒன்றரையடி தள்ளி, போஞ்சி. தரையோடு நிற்கும் சாதி அல்ல, கொடியேறும் சாதி. விதைக் கடைக்காரர் எது வேண்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. ஐந்தாம் நாள் முளை மண்ணை முட்டிக்கொண்டு வந்தது.

முளையோடு நத்தையும் வந்தது. மழைக்காலத்தில் உள்ளங்கை அளவு நத்தைகள் மதிலேறி வந்து ஒரே இரவில் ஒரு வரிசையைத் தின்றுவிடும். விடிந்ததும் குடை பிடித்துக்கொண்டு பொறுக்குவேன். பால்மா தகரத்தில் போட்டு மேலே உப்பைக் கொட்டினால் நுரை தள்ளி, சீறுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பிச் சாகும். தகரத்தை வைக்க எத்தனையோ இடம் இருந்தது. நான் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். மாமிக்கு நத்தை என்றாலே உடம்பு கூசும், முன்பெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவார். இப்போது கழுத்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சத்தத்தை மூட முடியாது.

கொடி ஒரு சாண் வந்ததும் ஏழடி மூங்கில் கம்புகளை ஜன்னல் கம்பிகளுக்கு முன்னால் நெருக்கமாக நட்டேன். போஞ்சிக்கு அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. காற்றோட்டம் இல்லாவிட்டால் இலையில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காலை வெயிலும் மத்தியான மழையும் மாறி மாறிக் கிடைக்க, கொடிகள் நாளுக்கு நாலு விரல் ஏறின. திசை தவறிப் போன நுனிகளை நான் விரலால் எடுத்து ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டேன். மறுநாள் அவை தாமாகவே இறுக்கிப் பிடித்திருக்கும்.

மாமியின் கண்ணிலிருந்து முதலில் பாத்தி மறைந்தது. பிறகு மதில் மறைந்தது. பிறகு பக்கத்து வீட்டுக் கொய்யாமரம். ஒருநாள் படுக்கை விரிப்பு மாற்றும்போது, அவர் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து நானே பார்த்தேன். மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வானம் தெரிந்தது. அன்றைக்கே அந்த இடத்துக்கு இன்னொரு கம்பு நட்டேன்.

வேறு எந்தக் குறையும் நான் வைக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பேன். ஒரு படுக்கைப் புண்கூட வந்ததில்லை. தலை வாரி, பவுடர் போட்டு, நெற்றியில் திருநீறு பூசி வைத்திருப்பேன். பார்க்க வந்த உறவுக்காரர்கள் பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்றார்கள். மாமியின் கொழும்புத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். போகும்போது பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, “போஞ்சி என்ன செழிப்பா வந்திருக்கு, ராசியான கை” என்றார். முதல் பிஞ்சுகளில் ஒரு பை நிறையப் பறித்துக் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினார்.

கையையும் காலையும் அசைத்துப் பயிற்சி கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிங்களப் பெண் வருவாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தமிழ் ஓரளவு பேசுவாள். வைகாசி நடுவில் ஒருநாள் அவள் மாமியின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தாள்.

“இது மூடி இருக்கிறது நல்லதில்ல அக்கா. இவங்களுக்கு வெளிச்சம் வேணும். வெளிய பாத்தாதான் மனசு தேறும்.”

இன்னும் ஒரு மாதத்தில் காய்ப்பு முடிந்துவிடும், பிறகு வெட்டிவிடலாம் என்றேன். வேறு இடம் இல்லையா என்று கேட்டாள். இங்கேதான் வெயில் நன்றாக விழுகிறது என்றேன். அவள் மாமியின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். விரல்களை மறுபடி மடக்கத் தொடங்கினாள்.

“எங்க வீட்டுலயும் மாமி இருக்கிறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் ஜன்னலைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கும் ஒரு பை போஞ்சி கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய பயிற்சி வீண்போகவில்லை. வைகாசிக் கடைசியில் மாமியின் உதடுகள் சொல்லுக்காக அசையத் தொடங்கின. முதலில் ‘தண்ணி’ என்பது போல ஒன்று வந்தது. பிறகு மகனின் செல்லப் பெயர். கணவர் குழந்தைபோலக் குதித்தார். ஒவ்வொரு நாளும் அவர் கடையிலிருந்து வந்து தாயின் பக்கத்தில் உட்காரும்போது, நான் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு அறையிலேயே நிற்பேன்.

ஒரு மாலை மழை விட்டிருந்தது. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. தெருவில் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அறைக்குள் மட்டும் குளத்துக்கு அடியில் இருப்பதுபோலப் பச்சையாக இருண்டு கிடந்தது. மாமி மகனின் சட்டையை இடது கையால் பிடித்து இழுத்தார். வாயைக் கோணிக் கோணி முயன்றார். மகன் குனிந்து காதைக் கொடுத்தார்.

“இருட்டு” என்றார் மாமி. மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும், “இருட்டா… இருக்கு.”

“இருட்டா இருக்காம்மா? இந்தா” என்று சொல்லிவிட்டு என் கணவர் எழுந்துபோய் லைட்டைப் போட்டார்.

மாமி அந்த பல்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘கொடியச் சொல்றாங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் போர்வையை மடித்து முடித்தேன். மறுநாள் கணவர் கடையிலிருந்து வரும்போது புதிதாக ஒரு நீளமான டியூப் லைட் கொண்டுவந்து, கட்டிலுக்கு நேர் மேலே பூட்டினார். அம்மா ஆசைப்பட்டுக் கேட்டது என்று அதைப் பகலெல்லாம் எரியவிட்டார். மாமியின் கண்கள் எந்நேரமும் கலங்கிச் சிவந்திருந்தன. பயிற்சி கொடுக்கும் பெண் வந்து பார்த்து, சொட்டுமருந்து வாங்கச் சொன்னாள். வேளை தவறாமல் விட்டேன்.

மாமி ‘இருட்டு’ என்று சொன்ன அன்றிரவு மட்டும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. காலையில் எழுந்து கொடியை அறுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். காலையில் எழுந்தபோது கம்பு முழுக்கக் காய்த்துத் தொங்கியது. பிஞ்சு தப்பி முற்றிவிடும் என்று பறிக்கத் தொடங்கினேன். ஒரு கூடை நிறைந்தது. அறுக்கவில்லை. அந்தக் காயை அவித்து மசித்து மாமிக்கு ஊட்டினேன். அவர் ஒரு வாய்கூட மறுக்காமல் விழுங்கினார். துப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

ஆனி பாதியில் மழை குறைந்து காற்று தொடங்கியது. நெருக்கி நட்டதற்குக் கூலியாக இலைகளில் துருப்போலப் புள்ளி விழுந்து, கொடி அடியிலிருந்து காய்ந்தது. ஒரு காலையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். இரக்கப்பட்டுச் செய்ததல்ல, காய்ப்பு முடிந்துவிட்டது. அறைக்குள் வெளிச்சம் ஒரேயடியாகக் கொட்டியது. மாமி ஜன்னலுக்கு வெளியே வெகுநேரம் பார்த்தார். ரோஜா இருந்த இடத்தில் மூங்கில் குழிகளும் சேறும் இருந்தன. அதற்குள் அவரால் கழுத்தைத் திருப்ப முடிந்தது. திருப்பிக்கொண்டார். மாலையில் மகனிடம் தட்டுத்தடுமாறிக் கட்டிலை மாற்றிப் போடச் சொன்னார். முன்கதவைப் பார்க்கிற மாதிரி. இரண்டு பேராகத் தூக்கி மாற்றினோம்.

ஆடியில் அவர் சின்னச் சின்ன வசனமாகப் பேசினார். மகனிடம் கடையைப் பற்றிக் கேட்டார், தங்கையிடம் போனில் பேசினார். என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் அவர் சொல்லப்போகும் நாளை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மத்தியானம் உடம்பு துடைத்துவிடும்போது, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“அவங்கிட்ட… சொல்லல. சொல்லவும் மாட்டேன்.”

நான் துவாயைப் பிழிந்துகொண்டு நின்றேன். ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா ஒன்னய அனுப்பிருவான்.” மூச்சு வாங்கினார். “அப்பறம்… என்னய யாரு கழுவுறது?”

என் கணவர் என்னை அனுப்பியிருக்க மாட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றுதான் சொல்லியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும். மாமிக்குத் தெரியவில்லை. பெற்ற மகனைப் பற்றி அவ்வளவு பெரிதாக நினைத்து வைத்திருந்தார். நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. இடது கையைத் தூக்கச் சொல்லி, அக்குளைத் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாற்றினேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் இருந்தார். இரண்டு வருடமும் என்னைப் பார்த்துப் பயந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்பதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். நான் கத்தியதில்லை, கை ஓங்கியதில்லை, ஒரு வேளை சோறு பிந்தியதில்லை. அவர் பார்க்கும்போது நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குத்தான் அவர் அதிகம் பயந்தார் என்று நினைக்கிறேன். எனக்கும் அது தெரிந்திருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பிடித்துப் புகழ்ந்தார்கள். நான் அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. யாருக்காக அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பின்பக்கத்தில் இப்போது கோவாவும் லீக்ஸும் நிற்கின்றன. இந்த வருடமும் மழை முந்திக்கொண்டது. காலையில் முள்ளை எடுத்துக்கொண்டு இறங்கினால் பதினொரு மணிவரை மண்ணில்தான் இருக்கிறேன். ரோஜா இரண்டு வைக்கலாமே, அம்மாவின் நினைவாக இருக்கும் என்று என் கணவர் ஒரு தடவை சொன்னார். பார்க்கலாம் என்றேன். பிறகு அவர் கேட்கவில்லை, நானும் வைக்கவில்லை.